இருபத்தேழு பாகம்

ஹொல்ஸ்டெப்ரோ
17.08.2025

குணசேகரம் சேர் அவர்களுக்கு,

என்னைத் தெரியாது என்று நீங்கள் ஒரு முறை சொல்லியிருக்கிறீர்கள். ஆனபடியால் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் குருசுமுத்து. 1982இல் பனிக்கல் நீர்த்தேக்கத்தில் மீன்பிடித் திணைக்களத்தின் படகை ஓட்டியவன். மலைநாட்டில் படகு ஓட்ட ஆள் இல்லையென்று யாழ்ப்பாணக் கடற்கரையிலிருந்து கூட்டிக்கொண்டு போனீர்கள். நீங்கள் கரையில் குடைக்குக் கீழே கொப்பியோடு இருந்தீர்கள். நான் தண்ணீரில் கயிற்றோடு இருந்தேன். ஆழத்தை நான் கத்துவேன், நீங்கள் எழுதுவீர்கள். பதினேழு மாதம்.

போன கிழமை என் மகள் ஜெசிக்கா கைபேசியில் ஒரு விளம்பரம் காட்டினாள். 'சாகும் ஏரி: பனிக்கல் நீர்த்தேக்கத்தின் கதை. கலாநிதி குணசேகரம் அவர்களின் நாற்பது வருட உழைப்பு.' நவம்பர் எட்டாம் திகதி ஹ்விடோவ்ரேயில் வெளியீடு, வடை தேநீர் உண்டு. கீழே ஏரியின் வரைபடம். இரண்டு விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். அணைக்கு முன்னால் 49.4 மீட்டர் என்று போட்டிருக்கிறது. அந்தப் புள்ளியும் அதற்குப் பிறகு வரும் நாலும் என்ன வடிவு. தண்ணீருக்குள் இறங்கி நின்று அளந்த ஆள் மாதிரி இருக்கிறது.

உங்களுக்கு நீந்தத் தெரியாதது எனக்கு நினைவிருக்கிறது. படகு ஆடும் என்று ஒரு நாளும் நீங்கள் ஏறவில்லை.

சேர், அந்த வரைபடத்தில் ஒரு பிழை இருக்கிறது. சின்னப் பிழை இல்லை. 1996இல் இங்கத்தைய தமிழ்ச் சங்க மலரில் அதை முதல் முதல் கண்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏறக்குறைய முப்பது வருடமாக வைத்திருக்கிறேன். என்ன பிழை என்று சொல்ல மாட்டேன். மேடையில் நிற்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசி எடுக்க வேண்டாம். பேச்சை நீங்கள் எப்படியும் மாற்றிச் சொல்லிவிடுவீர்கள். எழுத்தில் மட்டும் வைத்துக்கொள்வோம். வருடக் கடைசியோடு இந்தச் சிவப்புத் தபால் பெட்டிகளும் போகின்றனவாம், அதற்குள் முடித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
குருசுமுத்து


ஹ்விடோவ்ரே
29.08.2025

அன்பின் குருசுமுத்துவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. நீர் டென்மார்க்கிலேயே இருக்கிறீர் என்பது மகிழ்ச்சி. எப்போது வந்தீர், எப்படி வந்தீர் என்றெல்லாம் கேட்க ஆசைதான். ஆனால் கடிதத்தின் தொனி அதற்கு இடம் தரவில்லை.

முதலில் ஒரு விளக்கம். உமக்கு இது புரிய வேண்டும் என்பதற்காக எளிதாகவே எழுதுகிறேன். மலையில் ஆற்றை மறித்துக் கட்டும் ஏரி இயற்கை ஏரி போன்றதல்ல. ஒரு பக்கம் அணை, அங்கேதான் ஆகக் கூடிய ஆழம். மற்றப் பக்கம் பழைய பள்ளத்தாக்கு விரல்களாகப் பிரிந்து ஆழம் குறைந்துகொண்டே போகும். மின்சாரத்துக்குத் தண்ணீரைத் திறந்துவிட மட்டம் இறங்கும், மழைக்கு ஏறும். அதனால் கரையில் புல்லும் நிலைக்காது, நாணலும் நிலைக்காது. சுற்றிவரச் சிவப்பு மண் வளையம்தான். மேல் தண்ணீர் வெயிலில் சூடாகி மிதக்கும். அடித் தண்ணீர் குளிர்ந்து, காற்றில்லாமல் கிடக்கும். சரிவிலிருந்து மழை அரித்து வரும் மண் முழுவதும் அந்த அடியில் போய்ப் படியும். அதுதான் வண்டல்.

1982இல் ஏரி தளும்பி வழிந்த மாதத்தில் அணைக்கு முன்னால் நாம் கண்ட ஆழம் இருபத்தேழு பாகம். பாகம் ஒன்றுக்கு ஆறு அடி என்று மாற்றினால் 49.4 மீட்டர். போன வருடம் அதே மட்டத்தில், அதே இடத்தில், ஒலிக்கருவி வைத்து அளந்தார்கள். 40.1. ஒன்பது மீட்டருக்கு மேல் வண்டல் ஏறியிருக்கிறது. நாற்பது வருடத்தில் ஏரியின் ஐந்தில் ஒரு பங்கு மண். இதைத்தான் நூல் சொல்கிறது. அணை கட்ட முன்னர் எடுத்த வரைபடங்கள் கந்தோர் எரிந்தபோது போய்விட்டன. ஆகவே உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே பழைய அளவு என்னுடையது.

பிழை என்கிறீர். நூலை மூன்று பேராசிரியர்கள் படித்துவிட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற உம்மை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் இது கணக்கு.

நன்றியுரையில் 'திணைக்கள ஊழியர்களுக்கும்' என்று போட்டிருக்கிறேன். அதில் நீரும் அடக்கம். இரண்டு பிரதி இலவசமாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
குணசேகரம்

பி.கு: எந்தப் பக்கத்தில் பிழை என்று மட்டும் சொன்னால் போதும். பார்த்துக்கொள்கிறேன்.


ஹொல்ஸ்டெப்ரோ
14.09.2025

குணசேகரம் சேர்,

எப்போது வந்தீர் என்று கேட்க ஆசையாம். உங்களுக்குத் தெரியும் சேர். 1987 பெப்ரவரி மூன்றாம் கிழமை. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரிக்கிற வெள்ளைக்காரர், இந்தப் பக்கம் நான், நடுவில் மொழிபெயர்ப்பாளர். தோல்க் என்பார்கள் இங்கே. சாம்பல் நிறச் சுவெட்டரில் நீங்கள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கடவுளே அனுப்பினது என்று நினைத்தேன். அந்த ஆள் என்னைப் பற்றி விசாரிக்க, நான் சொன்னேன்: "நான் மீன்பிடித் திணைக்களத்திலை வேலை செய்தனான். குணசேகரம் சேருக்குக் கீழை. இந்தா, இவர்தான் அவர்." நீங்கள் என்னைப் பார்க்காமல் டேனிஷில் ஏதோ சொன்னீர்கள். அவர் எழுதினார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன், நல்லதுதான் சொல்கிறீர்கள் என்று.

என் வழக்கை மறுத்தார்கள். சொன்ன வேலைக்கு ஆதாரம் இல்லையாம். மேல்முறையீடு, முகாம், இன்னொரு முகாம், அரசாங்கம் தந்த பழைய சைக்கிள். எல்லாம் சரிவந்து மனுசியைக் கூப்பிட 1991 ஆகிவிட்டது. நான் வெளிக்கிட்ட பிறகு பிறந்தவள் ஜெசிக்கா. விமான நிலையத்தில்தான் அவளை முதல் முதல் கண்டேன். நாலரை வயது. "மாமா" என்று கூப்பிட்டாள். மனுசி திருத்த, அவள் அழுதாள். அப்பா என்று சொல்ல அவளுக்கு ஒரு வருடம் எடுத்தது.

2012இல் ஜெசிக்கா என் பழைய அகதி வழக்குக் கோவையைக் கேட்டு எடுத்தாள். அவளுக்குக் கொம்யூனில், அதாவது நகரசபையில், வேலை, இந்தச் சட்டங்கள் எல்லாம் தெரியும். சாப்பாட்டு மேசையில் இருந்து வாசித்தாள். ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். அதில் இப்படி இருந்தது: 'தான் வேலை செய்த அதிகாரியின் பெயர் விண்ணப்பதாரிக்கு நினைவில்லை.'

அவள் என்னைக் கேட்டாள், "அப்பா, நீங்க பெயர் சொல்லேல்லையே?" சொன்னேன் என்றேன். ஆளையும் காட்டினேன் என்றேன்.

அது வரைக்கும் உங்கள் பிழையை நான் ஒரு பகிடியாகத்தான் வைத்திருந்தேன். பெரியவர் எவ்வளவு வடிவாகப் பிழை விட்டிருக்கிறார் என்று எனக்குள் சிரிப்பேன். அன்றைக்குத்தான் அதை ஆயுதமாக எடுத்து வைத்தேன். இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் பன்றித் துடையிலிருந்து எலும்பு கழற்றியவன் நான். கத்தி தீட்டத் தெரியும். நான் உங்களைப் பழிவாங்குகிறேன் சேர். இதற்கு வேறு பெயர் வைத்து எழுத வேண்டாம்.

என் வீட்டுக்குப் பக்கத்தில் ஆற்றை மறித்துக் கட்டின ஏரி ஒன்று இருக்கிறது. மலை இல்லாத தேசத்திலும் அணை கட்டத்தான் செய்திருக்கிறார்கள். கடலிலிருந்து ஏறி வரும் சால்மன் அணையில் முட்டி நின்றுவிடும் என்று பக்கத்தில் வழி வெட்டி விட்டிருக்கிறார்கள். கிழமைக்கு நாலு நாள் சுற்றி நடக்கிறேன். பனிக்கல்லில் திலாப்பியா தட்டு மாதிரிக் குழி தோண்டி முட்டையிடும், அணையைத் திறந்ததும் மட்டம் இறங்கி அந்தக் குழியெல்லாம் வெயிலில் காயும். உங்கள் புத்தகத்தில் அது நாற்பத்தொன்றாம் பக்கம். எனக்கு அது காலுக்குள் மிதிபட்டது. இந்தக் கரையில் நடக்கும்போது ஒவ்வொரு நாளும் அந்த 49.4ஐ நினைத்து மனம் குளிர்வேன்.

புத்தகம் வந்தது. ஒன்றைத் திருப்பி அனுப்புகிறேன். மற்றதை வைத்துக்கொள்கிறேன், படத்துக்காக.

குருசுமுத்து


ஹ்விடோவ்ரே
02.10.2025

குருசுமுத்துவுக்கு,

உமது கடிதத்தை மனைவிக்குத் தெரியாமல் வாசித்தேன். பிறகு பல முறை வாசித்தேன்.

மறுக்கவில்லை. அன்று அறைக்குள் நீர் வந்தது எனக்கும் அதிர்ச்சிதான். தெரிந்த ஆளுக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. தெரியும் என்று சொன்னால் அன்றே வேலை போயிருக்கும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம், பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்த நேரம். எழுந்து வெளியே போயிருக்கலாம். போகவில்லை. பயம். ஒரு வசனம்தானே, மற்றதையெல்லாம் சரியாகச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். அதனால்தான் மறுத்தார்கள் என்று இன்றுதான் எனக்குத் தெரியும். நீர் நம்ப வேண்டியதில்லை.

ஆனால் இப்போது என்னைப் பற்றிய கேள்வி இல்லை. அதை உமக்கு விளக்கவே இதை எழுதுகிறேன்.

நூலின் முடிவை நீர் வாசித்தீரோ தெரியாது. ஒன்பது மீட்டர் வண்டல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மேற்குச் சரிவிலிருந்து. அங்கே தேயிலையைக் கைவிட்ட நிலத்தில் லயத்துச் சனங்கள் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு போடுகிறார்கள். சரிவை நேராகக் கொத்துகிறார்கள், மண் கரைகிறது, உரம் ஏரிக்குள் போகிறது, பாசி பூக்கிறது, அடியில் மூச்சில்லாமல் மீன் சாகிறது. என் பரிந்துரையை ஏரிக்குப் பொறுப்பான கந்தோர் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தைப்பொங்கல் கழிந்ததும் நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் தோட்டங்களை அகற்றி மரம் நடப்போகிறார்கள். கட்டளை அச்சாகிவிட்டது.

கணக்கையெல்லாம் திரும்பப் பார்த்தேன். கூட்டல் சரி, பெருக்கல் சரி. எனக்குப் பிழை எதுவும் பிடிபடவில்லை. ஆனால் உமது கடிதத்தில் இருப்பது வெற்று வார்த்தை இல்லை என்றும் தெரிகிறது. நீர் பொய் சொல்லுகிற ஆளில்லை.

உண்மையில் பிழை இருந்தால், நீர் மௌனமாக இருப்பதால் அடி விழப்போவது எனக்கல்ல. நான் ஓய்வூதியக்காரன், ஒரு புத்தகம் போனால் போகட்டும். அடி விழப்போவது அந்தச் சரிவில் இருப்பவர்களுக்கு. யோசித்துப் பாரும்.

குணசேகரம்


ஹொல்ஸ்டெப்ரோ
19.10.2025

குணசேகரம் சேர்,

கெட்டிக்காரர் நீங்கள். நான் உங்களுக்கு வைத்த கண்ணியை எடுத்து அந்தச் சனங்களின் காலடியில் வைத்துவிட்டு, இப்போது எடு என்று என்னையே கேட்கிறீர்கள்.

முடிவை நான் வாசிக்கவில்லை. வரைபடத்தையும் மீனைப் பற்றிய பக்கங்களையும்தான் பார்த்தேன். அது என் பிழை. அதற்காக வெட்கப்படுகிறேன், உங்களிடமில்லை.

1983 ஆடிக் கலவரத்தில் நீங்கள் திணைக்கள ஜீப்பில் தப்பிப் போனீர்கள். ஒரு இடம்தான் இருந்தது, அதை நான் ஒரு நாளும் குற்றமாகச் சொன்னதில்லை. நாலு கொப்பியையும் எடுத்துக்கொண்டு போனீர்கள். நான் மேற்குச் சரிவில் ஏறினேன். மேல் லயத்தில் மாரியாயி என்று ஒரு அம்மா. கோழிக்கூட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கி, அதற்குள் என்னைப் பதினொரு நாள் வைத்திருந்தார். கோழிக்குத் தீன் போடுகிற மாதிரி வந்து ரொட்டி வைத்துவிட்டுப் போவார். அவருக்கு நாலு பிள்ளைகள். கண்டுபிடித்திருந்தால் எல்லாரையும் சேர்த்து எரித்திருப்பார்கள். அந்தத் தோட்டங்களில் ஒன்று இப்போது அவருடைய பேரப்பிள்ளைகளுடையதாக இருக்கும்.

நேராகக் கொத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கி வரப்புக் கட்டித்தான் கொத்துவார்கள். கரையில் குடைக்குக் கீழே இருந்தால் அது தெரியாது.

ஆகவே பிழையைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் சும்மா சொல்ல மாட்டேன். இரண்டு நிபந்தனை.

ஒன்று, நவம்பர் எட்டாம் திகதி, சனிக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு இங்கே அணைக்குப் பக்கத்தில், நடப்பவர்கள் இருந்து இளைப்பாறுகிற வாங்கிலுக்கு வாருங்கள். வெளியீடு அன்றைக்குத்தான் என்று தெரியும். அதனால்தான் அன்றைக்கு. மண்டபத்துக்கும் வடைக்காரருக்கும் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். வரும்போது தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று கொண்டு வாருங்கள்.

இரண்டு, என்ன பிழை, யாருடைய பிழை என்று உள்ளதை உள்ளபடி திருத்தம் எழுதிப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். கயிறு பிடித்தது யார், கொப்பி பிடித்தது யார் என்று அதில் இருக்க வேண்டும்.

ஒரு விசயம் யோசித்துக்கொண்டு வாருங்கள். திணைக்களம் அனுப்புகிறோம் என்று சொன்ன பித்தளை அடையாளம் வைத்த அளவுக் கயிறு கடைசி வரைக்கும் வரவில்லை. அப்போது நாங்கள் எந்தக் கயிற்றால் அளந்தோம்? அதில் முடிச்சுப் போட்டது யார்?

குருசுமுத்து


ஹ்விடோவ்ரே
28.11.2025

மதிப்பிற்குரிய குருசுமுத்து அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தாயிற்று.

அன்று ஏரிக்கரையில் நடந்ததைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. காற்றில் நாடா பறந்தது, நாய் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள், எழுபது வயது மனிதர் ஒருவர் சிலுவை மாதிரிக் கையை விரித்து நிற்க, நான் ஒரு விரல் நுனியிலிருந்து மற்ற விரல் நுனி வரை அளந்தேன். 155 சென்ரிமீட்டர். உங்கள் மகள் அதைப் படம் பிடித்தது அவசியமில்லை என்பது என் கருத்து.

கடற்கரையில் ஒவ்வொருவரும் தன் கையை விரித்துத் தன் கயிற்றில் முடிச்சுப் போடுவார், அவரவர் பாகம் அவரவருக்கு, அவரே தன் கயிற்றைப் போட்டு எடுப்பதால் அது போதும் என்று நீங்கள் விளக்கியபோதுதான் பிழை எனக்குப் பிடிபட்டது. நான் ஆறு அடி என்று எடுத்துக்கொண்டேன். உங்கள் கை ஐந்து அடி ஒரு அங்குலம். ஏரி முழுவதும் நூற்றுக்குப் பதினெட்டு ஆழம் கூட்டி எழுதியிருக்கிறேன். அணைக்கு முன்னால் இருந்தது 49.4 அல்ல, 41.9. வண்டல் இரண்டு மீட்டர்கூட இல்லை. மலை ஏரிக்கு அது சாதாரணம்.

ஏரிக்குப் பொறுப்பான கந்தோருக்கு அன்று மாலையே எழுதினேன். தோட்டங்களை அகற்றும் கட்டளையை நிறுத்திவிட்டார்கள். பதில் கடிதத்தின் பிரதி இத்துடன் இருக்கிறது. அந்தச் சனங்களைப் பற்றி இனி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

நூலின் கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். தலைப்பும் மாறுகிறது. வெளியீடு ஜனவரி பத்தாம் திகதி, அதே மண்டபம். ஒவ்வொரு பிரதியின் முதல் பக்கத்திலும் இந்தத் திருத்தம் ஒட்டப்பட்டிருக்கும்:

'1982ஆம் ஆண்டின் ஆழ அளவுகள், படகோட்டி குருசுமுத்து என்பவரால், அவரது சொந்தக் கை நீளத்தில் முடியப்பட்ட முறையற்ற கயிறு ஒன்றினால் எடுக்கப்பட்டவை. இவ்விபரம் அவரால் ஆய்வாளருக்கு அக்காலத்தில் தெரிவிக்கப்படவில்லை. இதனால் ஏற்பட்ட பிழைக்கு வருந்துகிறோம்.'

கயிறு பிடித்தது யார், கொப்பி பிடித்தது யார் என்று இருக்க வேண்டும் என்றீர்கள். இருக்கிறது. நாற்பத்து மூன்று வருடமாக உங்கள் பெயர் அச்சில் வரவில்லை என்ற மனக்குறை உங்களுக்கு. இப்போது முதல் பக்கத்திலேயே வருகிறது. நன்றியுரையில்கூட அந்த இடம் கிடைத்திராது.

வெளியீட்டில் நானே இதை வாசித்து விளக்கமும் சொல்வேன். விரும்பினால் வரலாம். முன்வரிசையில் இடம் ஒதுக்குகிறேன்.

இங்ஙனம்,
கலாநிதி குணசேகரம்


ஹொல்ஸ்டெப்ரோ
22.12.2025

குணசேகரம்,

இனி சேர் இல்லை. 'நீங்கள்' என்பதும் இல்லை. வயதில் நான் இரண்டு வருடம் மூப்பு, ஆனபடியால் 'நீர்' போதும்.

உமது திருத்தத்தை ஜெசிக்காவும் நானும் மேசையில் இருந்து வாசித்தோம். அவளுக்குக் கோபம். நான் சிரித்தேன். அவளுக்கு ஏனென்று விளங்கவில்லை. உள்ளே போய் மனுசியின் செபப் புத்தகத்தை எடுத்து வந்தேன். மனுசி போய் ஆறு வருடம், புத்தகம் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அதற்குள் ஒரு கடதாசி. அதை ஜெசிக்காவிடம் கொடுத்த பிறகு அவளும் சிரித்தாள். கொஞ்சம் பொறுத்து அழுதாள்.

என்ன கடதாசி என்று சொல்கிறேன். ஜீப் புறப்படும்போது நான் உம்மிடம் ஒரு துண்டு கேட்டேன், வழி மறிப்பவர்களிடம் காட்ட. உம்மிடம் வேறு தாள் இருக்கவில்லை. முதலாவது கொப்பியின் முதல் பக்கத்தைக் கிழித்து, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் இங்கிலீசில் எழுதித் தந்தீர். இதைக் கொண்டுவருபவர் என் படகோட்டி, இவரை எனக்கு நன்றாகத் தெரியும், என்று. கீழே கையெழுத்து, திணைக்கள முத்திரை. நாட்டை விட்டு வெளிக்கிடும்போது வழியில் பறிபோகும் என்று அதை மனுசியிடம் விட்டுவிட்டு வந்தேன். அவள் 1991இல் கொண்டு வந்தாள். அன்றைக்கு அந்த விசாரணை மேசையில் அது என்னிடம் இருந்திருந்தால், வெள்ளைக்காரர் தானே வாசித்திருப்பார். உம்முடைய டேனிஷ் தேவைப்பட்டிருக்காது.

இப்போது மற்றப் பக்கம். அது கொப்பியின் முதல் பக்கம் என்று சொன்னேனே. அதிலே 1982 பெப்ரவரி நாலாம் திகதி போட்டு, உமது சாய்ந்த எழுத்தில், நீல மையில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

'கயிறு: குருசுமுத்து முடிச்சுப் போட்டது. அவருடைய பாகம் 5 அடி 1 அங்குலம் என்கிறார். கணக்குப் போடும்போது மறக்கக்கூடாது.'

நான் சொன்னேன். முதல் நாள், படகு இறக்க முன்னமே, "சேர், என்ரை கை கட்டை, ஆறடி வராது" என்று சொன்னேன். நீர் அதைக் கேட்டு எழுதியும் வைத்தீர். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையில் தந்துவிட்டு, மற்றதை எல்லாம் கொண்டு போய்க் கலாநிதி ஆனீர்.

அணைக்கரையில் நீர் அளந்து முடித்த பிறகு நான் வாங்கிலில் இருந்து கொஞ்ச நேரம் காத்திருந்தேன், நினைவிருக்கிறதா? 'அன்றைக்கு இதை என்னிடம் சொன்னீரா?' என்று நீர் கேட்பீர் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியிருப்பேன். பிறகு அதை உம்மிடமே தந்துவிட்டுப் போயிருப்பேன். கடைசி ஒரு முறை பார்ப்போம் என்றுதான் கொண்டு வந்திருந்தேன். நீர் கேட்கவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றீர்.

தோட்டங்கள் தப்பியதற்கு உமக்கு நன்றி சொல்லமாட்டேன். எனக்கும் அதில் பெருமையில்லை. உம்மில் இருந்த கோபத்தில் மாரியாயியின் சனங்களை நான் எவ்வளவு நாள் பார்க்காமல் இருந்தேன் என்று நினைக்கச் சங்கடமாக இருக்கிறது. அதை நான் என் பாட்டில் சுமக்கிறேன். உமக்கு இதில் பங்கில்லை.

ஜனவரி பத்தாம் திகதி வருகிறேன். முன்வரிசை வேண்டாம். கடைசிக் கதிரை போதும், அங்கிருந்துதான் எல்லார் முகமும் பார்க்கலாம். மண்டபத்தில் நூற்றிருபது கதிரை என்று ஜெசிக்கா விசாரித்து வைத்திருக்கிறாள். காலையிலேயே போய், ஒவ்வொரு கதிரையிலும் இந்தக் கடதாசியின் பிரதி ஒன்று வைத்துவிடுவாள். இரண்டு பக்கமும். பல்கலைக்கழகத்திலிருந்து உமது நண்பர்களும் வருகிறார்கள் அல்லவா, அவர்களுக்குத் தமிழ் தெரியாதே என்று யோசித்தோம். அதற்கும் வழி செய்தாயிற்று.

மூலப் பிரதியை இத்துடன் உமக்கு அனுப்புகிறேன். எனக்கு இனி வேண்டாம். வேண்டுமென்றால் கிழியும், அடுப்பில் போடும், அது உமது விருப்பம். இந்தக் கடிதத்தைப் போட்ட பிறகு எங்கள் தெருமுனையில் இருக்கிற சிவப்புப் பெட்டியையும் கழற்றிவிடுவார்கள். பதில் எழுத வேண்டாம்.

ஜெசிக்கா நேற்றுத்தான் வேலையை முடித்தாள். முன்பக்கம், பின்பக்கம், 1987ஆம் வருடக் கோவையில் உள்ள அந்த வசனம், அன்றைக்கு நான் உண்மையில் சொன்ன வசனம், எல்லாவற்றையும் டேனிஷில் மொழிபெயர்த்திருக்கிறாள். ஒரு பெயரையும் விடவில்லை.

குருசுமுத்து